முள்

சம்ப் போல்ட்டைக் கழற்றியதும்
இறங்கியது ஆயில் இல்லை, பால் விட்ட டீ.
பேசின் நிறைந்து வாசலில் வழிந்தது.
மாமா ரெண்டு விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார்.
"தண்ணி எறங்கிப் போச்சு."
அப்புறம், வண்டிக்கடியில் படுத்தபடியே:
"முள்ளு ஏறுச்சா?"
"பாக்கலீங்க" என்றேன்.

மார்கழிப் பனிக்குப் பூ அடைந்துபோய்
மல்லி கிலோ மூவாயிரத்தைத் தாண்டிய வெள்ளிக்கிழமை அது.
ராஜன் நகரில் ஆறு தோட்டத்துப் பை ஏற்றியிருந்தேன்.
சத்தியில் ஏலம் முடிய
இருபது நிமிசமோ, அதுகூட இல்லையோ.
வடவள்ளி தாண்டும்போது
நடுவில் படுத்திருந்த முள் எழுந்து உட்கார்ந்தது.
பால் பொங்கி வருவதைப் பார்ப்பது போலப் பார்த்தேன்.
அடுப்பு வேறொருத்தி வீட்டில் இருப்பது போல
ஓட்டினேன்.

கடைசிப் பை தராசில் ஏறியபோது
பூ வாசத்துக்குள்
ரப்பர் வேகிற வாசம்.

திரும்பும்போது டிராக்டரில் கட்டி இழுத்து வந்தார்கள்.
ஒர்க்‌ஷாப்பில் நாற்பத்தஞ்சு கேட்டார்கள்.
பழைய இரும்புக்காரர் முழு வண்டிக்கே அறுபதுதான் சொன்னார்,
அதுவும் டயரைத் தட்டித் தட்டி.
"எஞ்சின்னா என்ன, அதும் மோட்டாருதான்" என்று
கிணத்து மோட்டாருக்குக் காயில் சுற்றுகிற மாமா
ஸ்பானர் பையை மாட்டுக்கொட்டாயில் கொட்டினார்.
மாட்டை வேம்படிக்கு மாற்றிக் கட்டினோம்.
அது மூன்று நாளும் எங்களைப் பார்த்துக் கத்தியது.

புஷ் ராடு எட்டு:
பிஸ்கட் பெட்டி அட்டையில் ஓட்டை போட்டு
நகப்பூச்சால் நம்பர் எழுதிக் குத்தி வைத்தேன்.
நட்டெல்லாம் இட்லித் தட்டில், குழிக்கு நாலாக.
"இனி அதுல ஊத்துற இட்லி எனக்கு வேண்டாம்" என்று
சௌபர்ணா ஸ்கூலுக்குப் போனாள்.

சங்கிலிக் கப்பியில் ஹெட் மேலே போனது.
டார்ச் என் கையில்.
ரெண்டாவதுக்கும் மூணாவதுக்கும் நடுவே
கேஸ்கெட் கருகி
எலி கடித்த அப்பளம் மாதிரி இருந்தது.
"லைட்ட ஆட்டாத."
ஆட்டவில்லை. கை தானாக ஆடியது.
கவிழ்த்த ஹெட்டின்மேல் இரும்பு ஸ்கேலை நிறுத்தி
அடியில் வெளிச்சம் வருகிறதா என்று குனிந்தார்.
வந்தது.

சத்தி லேத்தில் ஹபீப் பாய்
ஹெட்டைத் தடவிவிட்டு நிமிர்ந்தார்.
"இது ஒரு நிமிசத்துல வளைஞ்சது இல்லீங்க.
காஞ்சபடி ரொம்ப தூரம் ஓடியிருக்குது.
முள்ளக்கூடவா பாக்கல?"
நான் சுவரில் தொங்கிய பெல்ட்டுகளை எண்ணினேன்.
"முள்ளு வேலை செஞ்சு ரெண்டு வருசமாச்சு" என்றார் மாமா.
"மாத்தோணும் மாத்தோணும்னு, நாந்தான் உட்டுட்டேன்."

வரும் வழியில் ஆட்டோவில்
எங்கள் ரெண்டு பேர் காலுக்கும் நடுவே
சாக்கில் சுற்றிய ஹெட்.
பள்ளத்தில் வண்டி இறங்கும்போதெல்லாம்
ரெண்டு பேரும் அதைப் பிடித்துக்கொண்டோம்.

போல்ட்டு நடுவிலிருந்து வெளியே முறுக்க வேண்டும்,
அதுவும் மூன்று சுற்றாக.
வரிசையை நான் சொல்லச் சொல்ல, அவர் முறுக்க.
ரெண்டாம் சுற்றில் ஏழை விட்டு எட்டைச் சொல்லிவிட்டேன்.
"தப்பாச் சொல்லிட்டேனுங்க."
எல்லாவற்றையும் தளர்த்தினார், முதலிலிருந்து ஆரம்பித்தார்.
கோபமில்லை, ஒரு பெருமூச்சுகூட இல்லை.
அந்தத் தப்பை மட்டும்தான் சொன்னேன்.

பொழுதோட சாவியைத் திருப்பினேன்.
முதல் தடவை முனகல்.
ரெண்டாவதுக்கு ஒரு தும்மல்.
அப்புறம் கொட்டாய் நிறையக் கரும்புகை,
வேம்படியில் மாடு கயிற்றை இழுக்க,
பிடித்துக்கொண்டது.

மாமா ஜன்னலில் கை ஊன்றி உள்ளே எட்டிப் பார்த்தார்.
ரெண்டு பேரும் ஒரே இடத்தைப் பார்த்தோம்.
அடியில் கிடந்த முள்
அசைந்து
மெல்ல மேலேறி
பாதியில் வந்து நின்றது.

"சத்தம் சரியாத்தான இருக்குது?" என்றார்.
"இருக்குதுங்க" என்றேன்.