எடைக்கு ஆள்

ஐந்து பட்டை இருந்த இடத்தில் இனி ஏழு.
நோர்வூட்டில், ஆற்றோரம்,
நிஸ்தார் பாஸின் தகரக் கொட்டிலில்
ஜும்மாவுக்கு முன்னால் கழற்றத் தொடங்கினோம்.
யூ போல்ட் இரண்டு வரவில்லை.
டீசல் ஊற்றிவிட்டு அவர் தொழப் போனார்.
நான் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நடு போல்ட் விட்டதும்
பழைய பட்டைகள் ஒவ்வொன்றாய்ப் பிரிந்தன.
வில்லாய்ப் போனவை,
எட்டு வருசம் உர மூட்டையும் கோவாவும் சுமந்து
நேர்கோடாகி, பிறகு மறுபக்கம் வளைந்தவை.
இடுக்கில் காய்ந்த சேறு, ஒரு கொழுந்துக் காம்பு,
எழுத்தழிந்த ஒரு ரூபாய்க் குற்றி.
குற்றியை நிஸ்தார் மகனுக்குக் கொடுத்தேன்.
அவன் அதைக் கிரீஸ் டப்பாவில் போட்டான்.

பழைய சொக்கை நிமிர்த்தி
உள்ளங்கையால் அமுக்கினார்.
வெண்ணெய்க்குள் போவதுபோல் போனது.
“இதவச்சா இவ்வளவு நாள் ஓடினீங்க?”

புதுப் பட்டைகள் பஞ்சிகாவத்தையிலிருந்து
பஸ்ஸில், சாக்குச் சுற்றி வந்தவை.
விலை சொல்லமாட்டேன்.
வீட்டிலும் சொல்லவில்லை.

கெப் இரண்டு அங்குலம் உயர்ந்து நின்றது,
புதுச் சப்பாத்து போட்ட ஆள் மாதிரி.
“எண்ணூறு கிலோவுக்கும் குனியாது” என்றார்.
“ஆனா வெறுமையா ஓடினா உங்களத்தான் அடிக்கும்.
இதுக்குப் பாரம் வேணும்.”
சிரித்துவிட்டுக் காசை எண்ணினேன்.

மூன்றாம் வாரம், இரவு பதினொன்று.
அப்கொட்டுக்கு மேலே, மேமலை லயத்தில்
யோகமலருக்கு வலி.
தோட்டத்து அம்புலன்ஸ் டயர் இல்லாமல் பணிய நிற்கிறது.
முன்சீட்டில் அவளை ஏற்றிக் கிளப்பினேன்.

முதல் கல்லில் கெப் துள்ளியது.
அவள் கத்தவில்லை. டாஷ்போர்டைப் பிடித்தாள்.
இரண்டாவது கல்லுக்கு
என் பெயரைச் சொல்லித் திட்டினாள்.
மூன்றாவதுக்கு என் அப்பன் பெயரை.

நிறுத்தினேன்.
கோவா இல்லாத மாசம். மூட்டை இல்லை.
மணல் அள்ள நேரமில்லை.
இறங்கி லயத்தைப் பார்த்துக் கத்தினேன்:
“பாரம் வேணும்!”
“என்ன பாரம்?”
“ஆள்! எடைக்கு ஆள்!”

வந்தார்கள்.
நனைந்த சாரத்தோடு அந்தோனிமுத்து.
தவமணியும் அவள் மச்சாளும் ஒரே கம்பளிக்குள்.
தண்ணிப் பீலிச் சண்டையில் பேச்சை விட்ட
இரண்டு வீட்டாரும், ஆளுக்கொரு மூலையில்.
கங்காணி சுப்பையா,
உடம்பைச் சொல்லி முதல்தடவையாய்
ஒருவர் மரியாதையோடு கூப்பிட்டதால்
வேகமாய் ஏறினார்.
பதினாலு பேர்.

மடுவத்துத் தராசில்
தண்ணிக் கழிவு, சாக்குக் கழிவு என்று
அன்றாடம் குறைத்து எழுதப்படுகிறவர்கள்.
அன்றைக்கு அவர்களை
ஈரத்தோடு, கம்பளியோடு, செருப்புச் சேற்றோடு
ஒரு கிராமும் கழிக்காமல் எடுத்துக்கொண்டேன்.

பட்டைகள் குனிந்தன.
ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி
ஏழும் ஒரே முதுகாய் வளைந்ததை
ஸ்டியரிங்கில் உணர்ந்தேன்.
கவ்வாத்து மலை வளைவு, உடைந்த மதகு,
முழங்கால் பள்ளம்:
வந்தது, தெரிந்தது, போனது.
பின்னால் ஒருவரும் பேசவில்லை.
வளைவுகளில் மட்டும்
சொல்லி வைத்ததுபோல் ஒருபக்கம் சாய்ந்தார்கள்.
நோர்வூட்டில் நிஸ்தாரின் கொட்டில்
விளக்கில்லாமல் கடந்து போனது.

டிக்கோயா ஆஸ்பத்திரியில்
விடியப் பார்த்து நாலு பத்துக்குப் பெண்பிள்ளை.
இரண்டு கிலோ அறுநூறு.
நர்ஸ் எழுதுவதைச் சுப்பையா எட்டிப் பார்த்தார்,
ஏதும் கழிக்கிறாளா என்று.

பெரட்டுக்கு நேரமாச்சென்று
முதல் பஸ்ஸைப் பிடித்து எல்லோரும் போய்விட்டார்கள்.
நான் டீ குடித்துவிட்டுத்
தனியாய்த் திரும்பினேன்.
அப்கொட் தாண்டியதிலிருந்து
ஒரு கல்லும் என்னை விடவில்லை.