முதுகு காட்டி எண்ணுகிறவன்

ஆறு டிகிரி என்றான் ஹேக்கி,
சமையலறை வெப்பமானியை நூலில் கட்டிக்
கடலுக்குள் விட்டு எடுத்தவன்.
நேற்று ஆறரை.
அந்த அரை எங்கே போனதென்று யாரும் கேட்கவில்லை.
அவரவர் கால்விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

பிப்ரவரி முழுக்க, நாளுக்கு ஒரு முங்கல்.
ஷெட்லாந்தின் இந்த ஓரத்தில்
விடியலுக்கு அவசரமே கிடையாது. எங்களுக்கு உண்டு.
மீன் ஆலையில் எனக்கு ஒன்பதுக்கு வேலை,
ரூனா தபால் நிலையத்தைத் திறந்தாக வேண்டும்.

பணம், அபர்தீனில் ஒரு வீட்டுக்கு.
தீவிலிருந்து நோயாளியை அங்கே கொண்டுபோனால்
கூடப் போனவர் எங்கே படுப்பார்?
போன ஆண்டு நான் படுத்தது
மூன்று பிளாஸ்டிக் நாற்காலிகளில், பதினாறு இரவு.
நடு நாற்காலிக்கு ஒரு கால் குட்டை.
அதற்குமேல் அதைப்பற்றி நான் பேசுவதில்லை.
வாளியில் ஒட்டிய காகிதமும் பேசுவதில்லை:
கட்டில்களுக்காக, அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் மான்ஸி வந்தான்,
மஞ்சள் ரப்பர் காற்சட்டையும்
சிப்பி வளர்க்கும் கயிற்றின் வாடையுமாக.
இருபது பவுண்டை நீட்டினான்.
"இன்றைக்கு இறங்காதே. இதை வைத்துக்கொள்."

இறங்கத்தானே கூலி,
இறங்காமலிருக்கவுமா என்று ரூனா சிரித்தாள்.
அவன் சிரிக்கவில்லை.
அவன் தம்பியின் படகு திரும்பி வந்தது, தம்பி வரவில்லை.
ஊருக்கே தெரிந்த கதை,
அந்த நிமிடம் மட்டும்
எங்கள் யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

நோட்டை வாளியில் போட்டேன்.
இறங்கினேன்.

முதலில் கணுக்கால் கத்தும். அடுத்து முழங்கால்.
தொப்புள் கெட்ட வார்த்தை பேசும்.
கழுத்துக்கு வந்தபின் சாண் என்ன, முழம் என்ன?
குளிர், குளிராக இருப்பதை விட்டுவிட்டு,
கடை சாத்த வந்த வேலையாள் மாதிரி
உள்ளே நடந்து
ஒவ்வொரு விளக்காக அணைக்கும்.

அப்போதுதான் கேட்டது.
கரையில், கடலுக்கு முதுகைக் காட்டி,
மேட்டில் மேயும் ஆடுகளைப் பார்த்தபடி
மான்ஸி உரக்க எண்ணிக்கொண்டிருந்தான்,
நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு,
கனத்த கயிற்றை இழுக்கிறவன் குரலில்.

பிறகு தினமும் வந்தான்.
சில நாள் ஐந்து பவுண்டு, சில நாள் சில்லறை,
ஒருநாள் ஒரு பை சிப்பி
(ரூனா அதைத் தபால் கவுண்டரில் ஏலம் விட்டாள், ஒன்பது பவுண்டு).
இறங்காதே என்பான்.
இறங்குவேன்.
திரும்பிக்கொள்வான். எண்ணுவான்.
நூற்றெண்பதில் நான் வெளியே வந்தாக வேண்டும்,
அது எங்களுக்குள் பேசாமலே ஆன ஒப்பந்தம்.

பத்தொன்பதாம் நாள் பனிமூட்டம்.
என் கையே எனக்குத் தெரியவில்லை.
ஹேக்கியின் டார்ச், ரூனாவின் சிவப்புத் தொப்பி,
எல்லாம் வெள்ளையில் கரைந்துவிட்டன.
எண்கள் வந்த பக்கம் கரை.
தொண்ணூற்றைந்து. தொண்ணூற்றாறு.
அப்புறம் ஒன்றுமில்லை.

பல் கிட்டிப்போய்,
எந்தப் பக்கம் திரும்புவதென்று தெரியாமல்
நீருக்குள் நின்றேன்.
எவ்வளவு நேரமென்று சொல்ல முடியாது,
சொல்ல வேண்டியவன் எண்ணவில்லையே.

"தொண்ணூற்றாறு" என்றான் மறுபடி,
குரல் உடைந்து, தப்பாக.
அந்தத் தப்பைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தேன்.
துண்டை ரூனாதான் போர்த்தினாள்.
அவன் அப்போதும் ஆடுகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

கடைசி நாள், ஆலைத் தராசில் நாணயங்களை நிறுத்தோம்.
மூவாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு பவுண்டு,
ஒரு நார்வே காசு, ஒரு கோட்டுப் பொத்தான்.
எத்தனை கட்டில் வரும் என்று ஹேக்கி கேட்டான்.
மெத்தையோடா, இல்லாமலா என்றாள் ரூனா.

மார்ச் முதல் தேதி நான் இறங்கவில்லை.
ஜன்னலோரம் தேநீர், காலில் இரண்டு ஜோடிக் காலுறை.
கீழே மணலில் ஒரு மஞ்சள் காற்சட்டை.
மான்ஸி, தனியாக.
ஆடுகள் அவன் முதுகுக்குப் பின்னால் இருந்தன.

வாய் அசைவது தெரிந்தது.
எத்தனைவரை போனானோ.
காற்று எதிர்ப்பக்கம் அடித்தது.