இரண்டாம் அலைவரிசை

பெர்லின், எண்பத்தேழு பெப்ரவரி.
படப்பெட்டி வந்துவிட்டது, அடியெழுத்து வரவில்லை.
தமிழும் ஜெர்மனும் தெரிந்த யாராவது உண்டா என்று
விழாக்காரர் தேடிய தேடலில்
காண்ட் தெருச் சமையலறையில்
தட்டுக் கழுவிக்கொண்டிருந்த நான் அகப்பட்டேன்.

அரங்கின் பின்சுவரில் ஒரு கூண்டு.
இருவர் இருந்தால் மூச்சு முட்டும்.
கண்ணாடி, ஒலிவாங்கி, தண்ணீர்க் குவளை,
ஆடுகிற மேசைக்கு முட்டுக்கொடுத்த
பழைய விழா மலர் ஒன்று.
இயந்திரம் பார்க்கும் வீப்கே ஒரு விதி மட்டும் சொன்னாள்:
"அவன் சொல்கிறான், அவள் சொல்கிறாள், எதுவும் வேண்டாம்.
நான் என்றே பேசு."

படம் தொடங்கக் கால்மணி இருந்தது.
குனிந்து மலரை உருவினேன்; மேசை சரிந்தது.
ஐம்பத்தொன்றில், செங்கற்குவியல் அள்ளி முடியாத ஊரில்,
அமெரிக்கர் காவலில் தொடங்கியதாம் இந்த விழா.
கிழக்கு பார்க்கட்டும் என்று
மேற்கு திறந்துவைத்த கடைக் கண்ணாடி.
எல்லையோரக் கொட்டகைகளில்
கிழக்குக் காசுக்கும் டிக்கெட் கிடைத்ததாம்.
பத்தாண்டில் மதில் வந்தது. கொட்டகைகள் காய்ந்தன.
கோடை விழாவைப் பிறகு குளிர்காலத்துக்கு மாற்றினார்கள்.
ஏன் என்ற பக்கம்
கிழிந்திருந்தது.

நானும் அந்த மதிலின் சந்து வழியே வந்தவன்தான்.
கிழக்கில் விமானம் இறங்கி,
பிரீட்ரிக் தெரு நிலையத்தில் ரயில் பிடித்து,
மேற்கில் கால் வைத்தபோதும் பெப்ரவரி.
குளிருக்கு ஒதுங்கிய வாசலில்
பதாகை நிறையக் கரடி.
மிருகக்காட்சிச்சாலை என்று நினைத்தேன்.
அது பக்கத்துக் கதவு.

அகதி விசாரணையில் எனக்கொரு மொழிபெயர்ப்பாளர் இருந்தார்.
கழுத்துப்பட்டி கட்டிய நல்ல மனிதர்.
"வீட்டை எரித்தார்கள் என்கிறார்.
தம்பியைக் காணவில்லை என்கிறார்."
அந்த 'என்கிறார்' என்ற சொல்லுக்குள்
என் தம்பி
இன்னுமொரு முறை காணாமல் போனான்.

விளக்கு அணைந்தது.
முந்நூறு தலைகளில் கறுப்புக் காதுக்கருவி.
வலை பொத்தும் கிழவன் நான், அவன் மருமகள் நான்,
கடன் கேட்டு வந்தவன் நான், மீனுக்கு விலை பேசும் வாய் நான்.
ஐயோவுக்கு ஜெர்மனில் என்ன?
விட்டுவிட்டேன். அதை
நேரே கேட்டுக்கொள்ளட்டும்.

நாற்பதாம் நிமிடம். மணல் ஒழுங்கையில் ஒரு சிப்பாய்.
அரைத் தமிழில் கத்துகிறான்:
"ஐசி எங்க? ஐசி காட்டு!"

விதி விதிதான். நான்தான் கேட்க வேண்டும்.
நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.
வீப்கே முழங்கையால் இடித்தாள்.
"ஆவுஸ்வைஸ்" என்றேன்.

எங்கோ ஒரு கதிரை கிரீச்சிட்டது.
நாலாம் வரிசைப் பெண்ணொருத்தி
இருட்டிலேயே கைப்பையைத் தொட்டுப் பார்த்தாள்.
அந்தச் சொல்லை நான் கொண்டுவரவில்லை.
எனக்கு முன்பே இந்த ஊர் அதை அறியும்.
என் கையும் சட்டைப்பைக்குப் போயிருந்தது:
கேட்டவனும் நான், தேடியவனும் நான்.

முடிந்ததும் இயக்குநருக்கு நீளமாய்க் கைதட்டினார்கள்.
கருவிகள் கூடையில் விழுந்த சத்தம்
நண்டு கொட்டுவதுபோல் இருந்தது.
ஒருவர் மட்டும் கூண்டுக் கதவைத் தட்டினார்.
"மற்றதெல்லாம் நன்று. அந்தச் சிப்பாய்தான் சரியில்லை.
அவர்கள் அவ்வளவு மெதுவாகக் கேட்பதில்லை."
எங்கே கேட்டீர்கள் என்று நான் கேட்கவில்லை.
தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

எண்பது மார்க் தந்தார்கள்.
பற்றுச்சீட்டில் என் பெயருக்கு இரண்டு எழுத்துக் குறைவு.

வெளியே பனி. படப்பெட்டியை வண்டியில் ஏற்றினார்கள்.
தகரம் முழுக்க ஊர்ப் பெயர்கள்,
ஒன்றின்மேல் ஒன்றாய் ஒட்டுத்தாள், முத்திரை.
நாளை மறுநாள் வேறொரு நகரம், வேறொரு கூண்டு,
நான் நான் என்று பேச வேறொருவன்.
என் தாளில் இருப்பது ஒரே வரி:
இந்நகரை விட்டு வெளியே செல்லலாகாது.

தூக்க ஒரு கை குறைந்தது.
கொடுத்தேன்.
நல்ல பாரம்.