பட்டியைத் திற

நாரின் மருத்துவமனை. இரவு இரண்டு பத்து.
ஏழாம் கட்டிலில் தொக்தொசுன்
கம்பியைப் பிடித்து உலுக்குகிறார்:
பட்டியைத் திற, பட்டியைத் திறடி,
ஆடுகள் நெரிபடுகின்றன.

இடுப்பெலும்பில் ஆணி இறக்கி இரண்டாம் நாள்.
மாலைவரை தெளிவாகத்தான் இருந்தார்:
புருலாய், உன் தேநீரில் உப்பு போதாது.
கதவோரம் மருமகள் சைராகுல்
சால்வைக்குள் நடுங்குகிறாள்:
இது அவர் பேச்சே இல்லை அக்கா.
ஆடுகளை விற்று ஒன்பது வருஷமாகிறது.

தொலைபேசியில் மருத்துவர் எர்மெக், கொட்டாவியோடு:
வயசுக் குழப்பம். ஹாலோபெரிடால் போடு.

மருந்தை ஏற்றிவிட்டேன்.
ஊசிக்குள் குமிழைத் தட்டும்போது
விரல் நின்றது.

குழப்பம் சரி.
எதனால்?

நாடி நூற்றுப் பன்னிரண்டு.
இரத்த அழுத்தம் நூற்றெழுபது.
காய்ச்சல் இல்லை. சர்க்கரை சரி.
ஆக்சிஜன் தொண்ணூற்று மூன்று,
இந்த மலையுயரத்தில் எனக்கே அவ்வளவுதான்.
கெண்டைக்கால் மெத்தென்றிருக்கிறது, காயம் உலர்ந்திருக்கிறது.
வலிக்கிறதா என்றால்
வேலியைப் பார் என்கிறார்.

போன குளிர்காலம், இதே வார்டு.
ஒரு பெண்ணின் படபடப்பைப் பயம் என்று நினைத்து
கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.
நுரையீரலில் இரத்தக்கட்டி.
ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தேன், கடைசிவரை.

ஆகவே தாளை மறுபடியும், மேலிருந்து.
சலைன் இரண்டு லிட்டர்.
காலை ஒன்பதுக்குச் சிறுநீர்க்குழாய் எடுத்தாயிற்று.
இரவு எட்டுக்கு, உடம்பெல்லாம் அரிக்கிறது என்றதால்
டைமெட்ரோல் ஒன்று. போட்டது நான்.
வெளியேறிய அளவு:
அந்தக் கட்டத்தில் யாரும் எதுவும் எழுதவில்லை.
நானும்.

போர்வையை விலக்கினேன்.
தொப்புளுக்குக் கீழே
கவிழ்த்துவைத்த கிண்ணம்போல் ஒரு மேடு.
விரல் பட்டதும் அலறினார்.

பட்டிதான்.
நெரிசல்தான்.
பாவி மனிதர் சொல்லிக்கொண்டேதான் இருந்திருக்கிறார்.

குழாய் இறங்கியது.
பை நிறைந்தது, மாற்றினேன், அதிலும் பாதி.
ஆயிரத்து முந்நூறு மில்லி.
கம்பியை விட்டன விரல்கள், ஒவ்வொன்றாக.
நாடி எண்பத்தெட்டு.

எல்லாம் வெளியே போயிற்றா, என்றார்.
போயிற்று.
எண்ணினாயா?
எண்ணினேன்.
கண்ணை மூடிக்கொண்டார்.

ஏற்றிய ஊசியைக் கொட்டிவிட்டு
பதிவேட்டைத் திறக்கிறேன்.
ஹாலோபெரிடால், தரவில்லை.
காரணம் எழுத இடம் சிறியது.
இரண்டு வரி மேலே டைமெட்ரோல்,
பக்கத்தில் என் கையெழுத்து,
அவசரமில்லாமல், அழகாக.

பதினோராம் கட்டிலில் மணி அடிக்கிறது.