மிச்சமான வாஷர்

சூரமங்கலம். ஞாயிறு, பத்தரை மணி வெயில்.
வாடகைக் கம்ப்ரசரின் கொக்கிகளுக்கு நடுவே
சுருள்வில் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறது.
"மூஞ்சிய அதுக்கு நேரா வைக்காத" என்கிறாள் சுகந்தி,
கழற்றிய சக்கரத்தை வண்டிக்கடியில் தள்ளியபடி.

பழைய ஸ்ட்ரட்டின் தண்டை அழுத்தினேன்.
போனது.
போனதுதான்.
எண்ணெய் மட்டும் மணிக்கட்டுவரை வந்தது.

ஜோடியாகத்தான் மாற்றணும் என்றிருந்தார்
செவ்வாய்ப்பேட்டைக் கடைக்காரர்.
வலதுபக்கமும் முடிய விளக்கு வைத்தாயிற்று.
ஒரு வாஷர் மிச்சம்.
எங்கே இருந்ததென்று இருவருக்கும் தெரியவில்லை.

அடுத்த வாரம் ஏற்காடு.
பதினான்காவது கொண்டை ஊசியில்
எப்போதும் 'டொக்'கென்று ஒன்று கேட்கும்;
மகள் விழித்து எலுமிச்சம்பழம் கேட்பாள்.

கேட்கவில்லை.
அவள் தூங்குகிறாள், வாய் திறந்து.
நான்தான் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு
பதினைந்திலும்
பதினாறிலும்
காதைத் தீட்டியபடி.