ஒரு கையால் திறக்கிற பெட்டி

இடது கை ஏற்கெனவே நிரம்பியிருக்கிறது.
ஆறு கிலோ எழுநூறு கிராம்,
போன மாசம் ஊசி போட்டபோது எடை பார்த்தது.
மிச்சமிருக்கிற கைக்குத்தான்
பெட்டி தேடி வந்திருக்கிறேன்.

கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கம் கடை.
மாங்காய் லாரி ஒவ்வொன்றும் திரும்பும்போது
தொங்குகிற பள்ளிக்கூடப் பைகள் லேசாக ஆடும்.
இலியாஸ் பாய் கேட்கிறார்,
"எத்தனை நாளைக்கும்மா?"
ஒரு வாரம் என்றால் இது, ஒரு மாசம் என்றால் அது,
அவரிடம் எல்லாவற்றுக்கும் அளவு இருக்கிறது.
"தெரியலைங்க" என்பதற்கு
எந்த அளவு என்று அவருக்கும் தெரியவில்லை.

புனேயிலிருந்து மாதேஷ் போனுக்குள் எட்டிப் பார்க்கிறான்.
முதுகுக்குப் பின்னால் மெஷின் ஓடுகிறது.
"சக்கரம் வச்சது வாங்கு. நாலு சக்கரம்.
தள்ளுனா தானா போவும்."
அவன் போனது ஒரே ஒரு தோள்பையோடு.
ராத்திரி அதுவே தலைக்கு.
ரயில் வராத ஊரிலிருந்து
ஓசூருக்கு ஒரு பஸ், பெங்களூருக்கு இன்னொன்று,
அதற்கப்புறம் ஸ்டேஷன், அந்த மேம்பாலம்.
சக்கரத்துக்குப் படி ஏறத் தெரியாது.
சொல்வதற்குள் அவன் முகம்
வாய் பாதி திறந்தபடி உறைந்துவிட்டது.

சிவப்புப் பெட்டியின் ஜிப் பாதி வழியில் நின்று
இரண்டாவது கையைக் கேட்டது.
நீலம் பரவாயில்லை,
மூடி மட்டும் நிற்காமல் மணிக்கட்டில் விழுந்தது.
இன்னொன்றில் நம்பர் பூட்டு.
நடுராத்திரி, ஓடுகிற ரயில், கழுவ வேண்டிய பிள்ளை,
மூன்று எண் எனக்கு ஞாபகம் வருமா?
கட்டைப்பையே போதும் என்றுகூட நினைத்தேன்,
நகைக்கடை பெயர் போட்டது வீட்டில் நாலு கிடக்கிறது.
ஆனால் அதற்கு மூடுகிற வாய் கிடையாது,
பெர்த்தில் எதிரே இருப்பவருக்கெல்லாம் வீட்டுக் கதை சொல்லும்.

வைக்கப் போவது என்னென்ன?
தூளிச் சேலை. அதற்கு ஸ்பிரிங், கொக்கி
(அந்த வீட்டுக் கூரையில் வளையம் இருக்கிறதா,
கேட்கவே மறந்துவிட்டேன்).
ரப்பர் ஷீட், உரைகல், வசம்பு,
பிளாஸ்க், மை டப்பா, ஊசி அட்டை.
துணி இருபத்தெட்டு வரைக்கும் எண்ணினேன்,
அதற்குள் ஒன்று நனைந்துவிட்டது.

"இப்படிக் குடும்மா" என்று
சாம்பல் நிறப் பெட்டியைத் தரையில் விரியத் திறந்து
தன் தோள் துண்டை உதறிப் போட்டார் பாய்.
படுக்க வைத்தேன்.

இரண்டு கையும் எனக்கே திரும்பக் கிடைத்தன.
என்ன செய்வது என்று தெரியவில்லை.
கொண்டையை அவிழ்த்தேன்,
மறுபடி முடிந்தேன்.

நிறைமதி வலைப்பையைப் பார்த்தாள்.
காலால் பெல்ட்டை உதைத்தாள்.
யாரோ கூப்பிட்டதுபோல ஒரு நொடி அசையாமல் இருந்தாள்,
பிறகு துண்டைத் தாண்டி
வழவழப்பான உள்துணியைத் தாண்டி
ஒரு ஓரம் வரைக்கும் போய்விட்டாள்.

நான் கூசி நிற்கிறேன்.
"வித்தாச்சு" என்றார் பாய்,
இருநூறு ரூபாய் குறைத்துக்கொண்டார்.
அந்த ஜிப் ஒரு கைக்கு வருமா என்று
பார்க்கவே இல்லை.
வீட்டுக்கு வந்து பார்த்தேன்.
வருகிறது, முழங்காலையும் சேர்த்துக்கொண்டால்.

வெள்ளிக்கிழமை விடியற்காலை.
மலைக்கோட்டைக்குப் பின்னால் இன்னும் வெளுக்கவில்லை.
ஓசூர் பஸ்ஸில் கண்டக்டர் பெட்டியைக் காலால் நகர்த்திப் பார்த்தார்.
"பிள்ளைக்கு டிக்கெட் கெடையாது. பொட்டிக்கு உண்டு."
"அது மொத்தமும் அவளோடதுங்க.
என்னுது ரெண்டு நைட்டி, ஒரு சீப்பு."
அவர் சிரிக்கவில்லை.
கிழித்து நீட்டினார்.

வாங்க எனக்குக் கை இல்லை.
அவள்தான் வாங்கினாள்,
நேராக வாயில் வைத்துக்கொண்டாள்.