ஆடுதின்னாப்பாளை, மூன்றாம் முறை

சித்திரை. பெருந்துறையில் வெயில் நாற்பது.
செல்களுக்கு மட்டும் முப்பத்தேழு,
கூடாமல் குறையாமல்.
கரண்ட் போனாலும் பேட்டரி பார்த்துக்கொள்ளும்.
விடுதியில் எனக்கு
மூன்றாம் எண்ணில் சுற்றாத ஃபேன்.

தொண்ணூற்றாறு குழிகள்.
எந்த ஊர்க்காரியின் மார்பிலிருந்தோ எடுத்தது,
அவள் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருடம்,
இங்கே இன்னும் பெருகிக்கொண்டிருக்கிறாள்.
அவள் மேல், மெத்தனாலில் ஊறி வற்றிய
பச்சைக் கறுப்புப் பிசின்.
காங்கயம் ரோட்டுக் கரட்டில் ராக்கியப்பன் பிடுங்கி
சாக்கில் கொண்டுவந்தது, கிலோ எண்பது.
வவுச்சரில் அழகான கையெழுத்து.

மஞ்சள் கரைசல் விட்டு
நாலு மணி நேரம் காத்திருக்க வேண்டும்.
உயிருள்ளது அதைத் தின்று ஊதாவாகும்.
செத்தது மஞ்சளாகவே கிடக்கும்.
அப்பா திருப்பூர் சாயப்பட்டறையில் இருபது வருசம்;
ஊதா அவர் நகக்கண்ணை விட்டுப் போனதில்லை.
நொய்யலில் ஊதா ஓடினால்
மீன் செத்தது என்று பொருள்.
இங்கே தலைகீழ்.
பழக எனக்கு ஒரு வருடம் ஆனது.

முதல் முறை: வரிசை முழுக்க மஞ்சள்.
கைடு கட்டுரைக்குத் தலைப்பே யோசித்துவிட்டார்.
இரண்டாம் முறை: அதே.
மூன்றாம் முறை பக்கத்துத் தட்டில்
நோயில்லாத செல்களை வைத்தேன்.
அதுவும் மஞ்சள்.
முன்னதைவிட மஞ்சள்.

முகர்ந்து பார்த்து
முகத்தைத் திருப்பிக்கொண்ட ஆடு
இதைத்தான் சொல்லியிருக்கிறது.
முடிவைப் பெயரிலேயே வைத்திருக்கிறார்கள்.
நான்தான் பெயரை லத்தீனில் படித்தேன்.

மத்தியானம் கேட்டில் ராக்கியப்பன், அடுத்த சாக்கோடு.
"ஏனுங் அம்மணி, கேன்சரக் கொல்லுதுங்களா?"
"கொல்லுதுங்க, ஆனா" என்றேன்.
ஆனாவுக்கு முன்பே அவர் முகம் தெளிந்துவிட்டது.
"அப்பச் சரிங். நம்மூட்டுப் பழனாத்தாளுக்கு
மூணு நாளா அரைச்சுக் குடுத்துட்டுத்தானுங் இருக்கறன்.
அவளுக்கும் மாருலதானுங்."

மீதி வாக்கியத்தை
கேட்டருகே வேப்பமர நிழலில் சொன்னேன்.
எல்லாத்தையும் கொல்லுதுங்க.
நல்லதையும். கிட்னியையும்.
வார்த்தை ஒவ்வொன்றும் சொட்டுச் சொட்டாக,
பிப்பெட்டில் விடுகிற மாதிரி.
சாக்கை இறக்கி வைத்தார்.
"உங்க படிப்புக்கு ஆகும்னுதானுங்
நல்ல செடியாப் பாத்துப் புடுங்குனன்."

ஸ்கூட்டியில் அவர் வீடு, அங்கிருந்து
மூவரும் ஆட்டோவில் பெரியாஸ்பத்திரி.
கிரியாட்டினின் என்று சீட்டில் எழுதும்போது
டாக்டர் என்னைப் பார்த்தார்.
நான் சுவரைப் பார்த்தேன்.
ரத்தம் எடுத்துக்கொண்டு சொன்னார்கள்:
ரிசல்ட்டுக்கு நாலு மணி நேரம்.

லேபில் தட்டு படிக்காமல் கிடக்கிறது.
பெஞ்சில் பழனாத்தாள், முழங்கையில் பஞ்சை அழுத்தியபடி.
என்னை ஒன்றும் கேட்கவில்லை.
புருசனைத்தான் கேட்டாள்:
"வெள்ளாட்டுக்குத் தண்ணி காட்டுனயா?"